அசைவும் அணியும்: ஒரு நிழற்படப் பரிசோதனை கற்பிக்கும் பாடம்

திறனாய்வு என்றவுடன் காவியமும் நாடகமும் சிற்பமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆடை விற்பதற்கென எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று திறனாய்வுக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் கற்றோர் சிலர்க்கு எழுதல் இயல்பே. வணிகத்துக்கு ஏவல் செய்யும் தொழிலைக் கலையென்று அழைப்பதற்கு நம் மனம் எளிதில் இசைவதில்லை. ஆயினும் கோயிற் சிற்பியும் கூலி பெற்றே கல்லைச் செதுக்கினான். அரசவைப் புலவனும் பரிசில் கருதியே பாடினான். எதற்காகச் செய்யப்பட்டது என்பது ஒரு வினா. செய்யப்பட்டது யாது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் முதலில் வேறுபிரித்துக் கேட்டுப் பின்னர் இணைத்து நோக்குதலே திறனாய்வாளனின் கடன். அந்நோக்கோடு, 1933 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்கரை ஒன்றில் நடந்த நிழற்படப் பரிசோதனை ஒன்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

அப்பரிசோதனையின் புதுமையை அறிய வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். உடைகளை நிழற்படமாக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. 1911 இல் எட்வேட் ஸ்ரைக்கன் என்பார், போல் புவாரே என்னும் பாரிஸ் நகர ஆடைக் கலைஞரின் உடைகளைப் படமெடுத்துப் பிரெஞ்சுச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். 1913 இல் 'வோக்' சஞ்சிகை அடோல்ஃப் டி மேயரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்திக்கொண்டது. டி மேயரின் படங்களிலே பெண்கள் பின்னிருந்து வரும் ஒளியில் மூழ்கி, பனிமூட்டத்தினூடே தோன்றும் தேவதைகளைப் போல நின்றார்கள். அவர்கள் கால்கள் நிலத்திற் படுவதாகவே தோன்றாது. பின்னர் ஸ்ரைக்கன் 1923 இலிருந்து அச்சஞ்சிகைக் குழுமத்தின் தலைமை நிழற்படக் கலைஞராகி, அம்மூட்டத்தை அகற்றித் தெளிந்த கோடுகளையும் கூர்மையான ஒளியையும் புகுத்தினார். பாங்கு மாறியது, ஆயினும் அடிப்படை மாறவில்லை. மண்டபம், திரை, விளக்கு, அசையாது நிற்கும் நங்கை ஆகிய நான்கும் நிலைத்திருந்தன.

இம்மரபின் உச்சம் எனத்தக்க படம் ஒன்றுண்டு. 1930 இல் ஜோர்ஜ் ஹொய்னிங்கன் ஹூன எடுத்த அப்படத்தில் நீச்சலுடை அணிந்த இருவர், நீரில் பாயும் பலகையின் முனையில் நமக்கு முதுகு காட்டி அமர்ந்து, தொலைவிலுள்ள அடிவானத்தை நோக்குகின்றனர். கடலின் அமைதி முழுவதும் அப்படத்திலே குடிகொண்டிருக்கின்றது. ஆனால் அங்கே கடல் இல்லை. பாரிஸ் நகரில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியிலே அது எடுக்கப்பட்டது. அடிவானமாகத் தோன்றுவது மாடியின் கைப்பிடிச் சுவர். கட்டுக்கோப்பினாலும் ஒளியினாலும் மட்டுமே ஒரு கடலைப் படைக்க முடிந்தது என்றால், அக்கலைஞரின் திறனை நாம் வியவாதிருத்தல் இயலாது. மேலும், அது தன் செயற்கையை மறைக்க முயலாத படம் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். அவ்விருவரின் அமர்வு எவரும் கடற்கரையில் அமரும் அமர்வன்று, சிற்பத்தின் அமர்வு.

இச்சூழலில்தான் மார்ட்டின் முன்காச்சி வருகின்றார். 1896 இல் அன்றைய ஹங்கேரியின் கொலொஸ்வார் நகரில் பிறந்த இவர், ஆடை உலகத்தோடு யாதொரு தொடர்பும் அற்றவர். புடாபெஸ்ற் நகரில் விளையாட்டுச் செய்தியாளராகத் தொழிலைத் தொடங்கி, 1928 இல் பேர்லினுக்குச் சென்று, அந்நகரின் புகழ்பெற்ற படச் சஞ்சிகைக்காக உலகெங்கும் சுற்றியவர். உதைபந்தாட்ட வீரனின் பாய்ச்சலையும் மோட்டார் சைக்கிள் தெறிக்கும் நீரையும் கண்ணாடித் தகட்டிற் பதிக்கும் பயிற்சியே அவர் பெற்ற கல்வி. பந்து வலைக்குட் புகும் கணத்தை ஒருமுறை தவறவிட்டால், அதனை மீண்டும் நிகழ்த்துமாறு எவரையும் வேண்டுதல் இயலாது. அப்பயிற்சி அவருக்கு ஓர் உள்ளுணர்வை அளித்தது: நிகழ்வு நிகழ்வதற்குச் சற்று முன்னரே அதனை எதிர்பார்க்கும் உணர்வு.

1933 இல் அவர் நியூயோர்க் சென்றிருந்தபோது, 'ஹாப்பர்ஸ் பசார்' சஞ்சிகையின் ஆசிரியக் குழுவைச் சேர்ந்த காமெல் ஸ்னோ அவரை அழைத்தார். கடற்கரை உடைகள் பற்றிய பகுதிக்கென மண்டபத்தில், வரையப்பட்ட திரைக்கு முன்னே எடுக்கப்பட்ட படங்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. உடைகளையும் நங்கையையும் அழைத்துக்கொண்டு லோங் ஐலண்ட் கடற்கரைக்கே சென்றுவிடுவது என அவர் துணிந்தார். குளிரும் காற்றும் மிக்க நாள் அது. நங்கையின் பெயர் லூசில் புரோக்கோ. நியூயோர்க்கின் செல்வர் குழாத்தைச் சேர்ந்தவர். முன்காச்சிக்கோ ஆங்கிலம் வராது. கைகளை வீசியும் சைகை காட்டியும் அவர் எதையோ வேண்டினார். அவர் வேண்டியது யாதெனப் பிறர் விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் சென்றது. அந்நங்கை தம்மை நோக்கி ஓடி வருதல் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

அவர் ஓடினார். தோளிற் கிடந்த மேலங்கி காற்றிற் பின்னே பறந்தது. படம் பதிந்தது. 1933 டிசெம்பர் இதழில் அது வெளிவந்தது. உடைகளின் நிழற்பட வரலாற்றை எழுதுவோர் இன்றும் இதனைத் திருப்புமுனையாகவே கொள்கின்றனர்.

இத்திருப்புமுனை எதில் அமைந்தது? 'மண்டபத்தைவிட்டு வெளியே வந்தமையில்' என்பர் பலர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்காது. பாரிஸ் நகரைச் சேர்ந்த செபெர்ஜே சகோதரர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலிருந்தே குதிரைப் பந்தய மைதானங்களுக்கும் கடலோர உல்லாச நகரங்களுக்கும் சென்று, அங்கே உலாவிய சீமாட்டிகளின் உடைகளைப் படமெடுத்துவந்தனர். எனவே வெயிலும் காற்றும் இத்துறைக்குப் புதியன அல்ல. ஆயினும் அப்படங்களில் வரும் பெண்கள் பெரும்பாலும் கமராவைக் கண்டவுடன் நின்றுவிடுகின்றனர். வெளியிடம் அவர்களுக்குப் பின்னாலுள்ள மற்றொரு திரையாகிவிடுகின்றது. முன்காச்சி மாற்றியது இடத்தையன்று, வினைச்சொல்லை. 'நில்' என்ற சொல்லின் இடத்தில் 'ஓடு' என்ற சொல்லை வைத்தார். அவ்வொரு சொல்லால் உடையின் பொருளே மாறியது. நிற்கும் பெண்ணின் உடை பார்க்கப்படுவதற்கு உரியது. ஓடும் பெண்ணின் உடை அணிந்து வாழ்வதற்கு உரியது. மண்டபப் படம் 'இவ்வுடை எத்தகையது' என்று கூறிற்று. கடற்கரைப் படம் 'இவ்வுடையில் நீ யாராவாய்' என்று கூறிற்று.

படத்தின் கூர்மை சற்றுக் குறைந்துள்ளது. உடையின் தையலையும் துணியின் நெசவையும் காட்டுவதே கடமை என்று கருதிய அக்காலத்து ஆசிரியர்க்கு இது குற்றமாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆனால் அக்குறையே விரைவை உணர்த்தும் மொழியாக நிற்கின்றது. இவ்வுண்மை நமக்குப் புதியதன்று. ஆடும் கூத்தனை அசையாச் செம்பில் வார்த்த சிற்பி, ஆட்டம் முழுவதையும் வார்க்கவில்லை. விரிந்த சடையையும் தூக்கிய திருவடியையும் கொண்ட ஒரு கணத்தையே தேர்ந்தான். அந்தக் கணத்தின் முன்னும் பின்னும் காண்போன் உள்ளத்தில் நிகழ்கின்றன. சிற்பி நெடிது சிந்தித்துத் தேர்ந்த கணத்தை நிழற்படக் கலைஞன் நொடியின் சிறு பின்னத்தில் தேர்தல் வேண்டும் என்பதே வேறுபாடு.

இவ்வளவில் இப்படத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடலாம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தேன். கலை பற்றிய பாடங்களில், ஹூனவின் மொட்டை மாடிப் படத்தையும் முன்காச்சியின் கடற்கரைப் படத்தையும் அருகருகே வைத்து, 'முன்னது செயற்கை, பின்னது இயற்கை. முன்னது பொய், பின்னது மெய்' என்று மாணவர்க்குக் கூறிவந்தேன். ஒருமுறை, படம் எடுக்கப்பட்ட நாளின் குளிரை நான் விவரித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "சேர், அவவுக்குக் குளிரவில்லையோ?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் மறுமொழி ஏதும் கூறாது அடுத்த படத்துக்குச் சென்றேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டபாடில்லை.

குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் படத்தில் குளிர் இல்லை. கோடையின் களிப்பே அதில் உண்டு. குளிர்காலத்தில் வெப்பமான கடற்கரைகளை நாடிச் செல்லும் செல்வர்க்கென எடுக்கப்பட்ட படம் அது. அப்பெண் தாமாக ஓடவில்லை, ஓடுமாறு பணிக்கப்பட்டார். எங்கே ஓடுவது, யாரை நோக்கி ஓடுவது என்பனவும் பணிக்கப்பட்டனவே. அவ்வாறாயின், ஹூன மாடியிலே கடலை அமைத்ததற்கும், முன்காச்சி குளிரிலே கோடையை அமைத்ததற்கும் இடையே நான் கற்பித்த மெய் பொய் என்னும் வேறுபாடு எங்கே நிற்கின்றது?

இவ்விடத்தில் நமது அணியிலக்கணம் நமக்குத் துணைசெய்கின்றது. தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தை வகுத்துக் கூறும்போது, தன்மையணியை முதலில் வைக்கின்றது. ஒரு பொருளை அதன் இயல்பு தோன்ற உள்ளவாறு உரைப்பதே தன்மை. உவமையும் உருவகமும் உயர்வும் அணிகளாதல் எவர்க்கும் விளங்கும். உள்ளதை உள்ளவாறு கூறுதல் எவ்வாறு அணியாகும் என்று இளமையில் நான் வியந்ததுண்டு. இப்படத்தை ஆராய்ந்த பின்னரே அவ்வைப்புமுறையின் நுட்பம் எனக்குத் தெளிவாயிற்று. இயல்பு என்பது அணியின் இன்மை அன்று. அதுவும் ஓர் அணியே. சொல்வோன் சொற்களைத் தேர்ந்து, வேண்டாதவற்றை நீக்கி, கேட்போன் 'இஃது உண்மை' என்று நம்புமாறு செய்யும்போதே தன்மையணி பிறக்கின்றது. ஹூனவின் அணி உருவகத்துக்கு நிகரானது, சுவரை அடிவானமாக்கிற்று. முன்காச்சியின் அணி தன்மைக்கு நிகரானது. பணித்த ஓட்டத்தைத் தன்னியல்பான ஓட்டமாக்கிற்று. இரண்டும் அணிகளே. ஆயின் உருவகம் தன்னை அணியென்று அறிவித்துக்கொள்ளும். தன்மையோ தன்னை மறைத்துக்கொள்ளும். எனவே பின்னதை நோக்குங்கால் நமக்கு விழிப்பு மிகுதியும் வேண்டும்.

இதனால் முன்காச்சி பொய்யர் என்று கூறுதல் கருத்தன்று. அப்பெண்ணின் ஓட்டம் பணிக்கப்பட்டது. ஆனால் ஓட்டம் நிகழ்ந்தது. காற்று மேலங்கியை உண்மையாகவே பறக்கச்செய்தது. பணித்தவரும் எதிர்பாராத ஏதோ ஒன்று அக்கணத்தில் நேர்ந்தது. மண்டபத்தில் எல்லாவற்றையும் கலைஞனே அமைக்கின்றான். ஆதலால் அவன் அறியாத எதுவும் படத்தில் நுழைதல் அரிது. கடற்கரையிலோ அவன் தன் ஆட்சியில் ஒரு பகுதியைக் காற்றுக்கும் மணலுக்கும் பிறிதோர் உயிரின் கைகால்களுக்கும் விட்டுக்கொடுக்கின்றான். பரிசோதனை என்னும் சொல்லுக்கு இதுவே பொருள் என நான் கருதுகின்றேன். முடிவை முன்னரே அறிந்து செய்வது செய்முறை விளக்கம். முடிவு தன்னை மீறக்கூடும் என்று அறிந்தும் துணிவதே பரிசோதனை. நமது விஞ்ஞான ஆய்வுகூடத்து மாணவரும் இவ்வேறுபாட்டை உணர்வர்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. 1933 ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் மிகக் கொடிய ஆண்டு. அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தனர். களிப்போடு ஓடும் செல்வ மகளின் படம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. இதனைக் கொடுமையென்று ஒதுக்கலாம்; ஆறுதலென்று ஏற்கவும் செய்யலாம். ஆனால் அறியாதிருத்தல் தகாது. மேலும், இப்படத்தை எடுத்தவர் அவ்வாண்டு மார்ச் 21 ஆம் நாள் ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரில், ஹிட்லரின் ஆட்சி தன்னை நிலைநிறுத்திக்கொண்ட பெருவிழாவைப் படமெடுத்தவர். அணிவகுத்து நின்ற சீருடைகளைக் கண்ட அதே கண்தான், அதே ஆண்டில், அணிவகுப்புக்கு அடங்காத ஓர் ஓட்டத்தைத் தேடிற்று. யூத குலத்தவரான அவர் 1934 இல் பேர்லினை விட்டு நியூயோர்க்கிற் குடியேறினார். அவ்விரு படங்களுக்கும் இடையே நேரான காரணத் தொடர்பு உண்டென நான் வாதிடேன். ஆயினும், ஒரே அச்சில் வார்த்தாற்போல் மனிதரை நிறுத்தும் காட்சியைக் கண்டுவந்தவர்க்கு, ஒரு பெண் தன் போக்கிலே கைவீசி ஓடுவது வெறும் உடை விளம்பரமாக மட்டும் தோன்றியிராது என்று எண்ணுதல் பிழையாகாது.

பரிசோதனை வெற்றிபெற்றால் மரபாகிவிடுகின்றது. அதுவே அதற்கு நேரும் இடர். 1934 இல் அலெக்சி புறொடோவிச் அச்சஞ்சிகையின் கலைப் பொறுப்பை ஏற்று, வெற்றிடமும் சாய்வும் மிக்க பக்க அமைப்பினால் இவ்வசைவுக்கு ஏற்ற மேடை அமைத்தார். விரைவில் குதித்தலும் ஓடுதலும் எங்கும் பரவின. அவற்றுட் பல, நின்ற நிலையைவிட உயிரற்றவை. ஓடுவதுபோல் நிற்கும் கோலங்கள். முன்னோடியின் புற அடையாளத்தைக் கைக்கொள்வோர் பலர். அவன் ஏற்ற இடரைக் கைக்கொள்வோர் சிலர். அச்சிலருள் தலையாயவர் றிச்சட் அவெடன். இளமையிலேயே முன்காச்சியின் படங்களைக் கண்டு அவற்றில் ஈடுபட்ட அவர், 1957 இல் பாரிஸ் வீதியொன்றில் கார்மன் என்னும் நங்கை குடையோடு துள்ளிப் பாயும் படத்தை எடுத்து, அதனை முன்காச்சிக்கு வணக்கம் எனப் பெயரிட்டு வெளியிட்டார். குருவின் பெயரைத் தலைப்பிலேயே பொறித்த அச்செயல் நம் மரபில் வந்தோர்க்கு மகிழ்ச்சி தருவது. அப்படத்திலோ ஓட்டமில்லை, நிலத்தைவிட்டு எழுந்த கணம் உண்டு. மாணவன் ஆசானைப் பின்பற்றியது பாவனையிலன்று, துணிவில். ஆபிரிக்கச் சிறுவர் மூவர் நீரலையை நோக்கி ஓடும் முன்காச்சியின் மற்றொரு படம், ஹென்றி காத்தியே பிறெசொன் என்னும் பிரெஞ்சு இளைஞரைக் கமராவின்பால் ஈர்த்தது என்பதையும் அவரே பின்னாளில் நன்றியோடு கூறியுள்ளார்.

முன்காச்சியின் இறுதிக்காலம் இன்பமுடையதன்று. ஒருகாலத்தில் மிகுந்த ஊதியம் பெற்ற அவர் படிப்படியாக மறக்கப்பட்டார். 1963 இல், தாம் எப்போதும் நேசித்த உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் மாரடைப்பால் உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற படங்களை ஏற்கப் பல்கலைக்கழகங்களும் நூதனசாலைகளும் அப்போது முன்வரவில்லை. 2007 இல்தான் அவருடைய கண்ணாடித் தகடுகளுட் பெருந்தொகை நியூயோர்க்கிலுள்ள சர்வதேச நிழற்பட நிலையத்தின் பாதுகாப்பை அடைந்தது. கணத்தைக் காத்தவரின் ஆக்கங்களைக் காக்க நாற்பதாண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

இனி, இப்பரிசோதனை நமக்குக் கற்பிப்பது யாது? இன்று ஒவ்வொருவர் கையிலும் கமரா உண்டு. நமது மாணவர் தம் படங்களை எடுத்து, ஐம்பதில் ஒன்றைத் தேர்ந்து, 'இயல்பாக இருக்கின்றது' என்று அதனைப் பிறர்க்குக் காட்டுகின்றனர். அவ்வியல்பு தேர்ந்தெடுக்கப்பட்ட இயல்பு, அதுவும் ஓர் அணி என்பதை அவர்கள் அறிதல் நன்று. அறிந்தபின் அதனை வெறுக்க வேண்டியதில்லை. தன்மையணியைக் கற்றோர் தன்மையணி அமைந்த செய்யுளை வெறுப்பதில்லை, முன்னிலும் நுட்பமாகச் சுவைக்கின்றனர். அதனோடு, ஆட்சி முழுவதையும் தம் கையிலே வைத்திருப்பவர்க்குப் புதியது எதுவும் வாய்ப்பதில்லை என்பதையும் அறிதல் நன்று. கற்பிக்கும் நமக்கும் இது பொருந்தும். நன்கு அமைக்கப்பட்ட பாடத்தினுள்ளே, அமைக்கப்படாத ஒரு வினா எழுவதற்கு இடம் விடுதல் வேண்டும்.

அன்று அவ்வினாவுக்கு மறுமொழி கூறாது கடந்தமை என் பிழை. அம்மாணவர்க்கு இன்று இதனையே கூறுவேன்: ஆம், அவருக்குக் குளிர்ந்துதான் இருக்கும். அக்குளிரை நாம் மறவாமலே அப்படத்தின் வெம்மையை விரும்பலாம். இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்திருக்கும் ஆற்றலே திறனாய்வு.